அழுக்குப் போகும், நிறம் போகாது

சித்திரையில் வைகையில் இறங்கும் அழகரைத்தான் ஊர் உலகத்துக்குத் தெரியும். ஐப்பசியில் அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அழகர்மலை ஏறுவது அடிவாரத்து ஜனங்களின் சொந்தச் சங்கதி. ஐப்பசி வளர்பிறையில் அழகர் என்கிற சுந்தரராஜப் பெருமாள் பல்லக்கில் நூபுர கங்கைக்குப் போவார். அங்கே அவருக்குத் தைலக்காப்பு, பிறகு பாறைக்குள்ளிருந்து வரும் அந்தத் தீர்த்தத்தில் திருமஞ்சனம். கீழே கோயிலில் நிற்கும் மூலவருக்கு ஆடி அமாவாசை தொடங்கித் தை அமாவாசை வரை ஆறு மாதம் தைலக்காப்புக் காலம். உற்சவருக்கு நூபுர கங்கைத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் ஆகாது, ஊற்றினால் திருமேனி கறுத்துப்போகும் என்பது நம்பிக்கை. சித்திரையில் மதுரைக்குப் புறப்படும்போதும் அந்தத் தண்ணீர் அவர் கூடவே போகும்.

என் அப்பத்தா இதிலிருந்து தனக்கென்று ஒரு சாஸ்திரமே எடுத்து வைத்திருந்தாள். "சாமிக்கே தண்ணி பாத்துத்தேன் ஊத்துறாக. நீங்க கண்ட தண்ணியில குளிச்சுப்பிட்டு மேலு சொறியுது, முடி கொட்டுதுன்னு எங்கிட்ட வர்றீக" என்பாள், தூள் வாங்க வந்தவர்களிடம். வந்தவர்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள். கோயிலுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். எண்பதுகளில் அங்கே மேலுக்குத் தேய்க்கிற பொடி, தலைக்குத் தேய்க்கிற தூள், படைக்குப் பூசுகிற எண்ணெய் என்றால் அப்பத்தா வீட்டுத் திண்ணைதான். அவள் வைத்தியர் இல்லை. நாடி பார்க்க மாட்டாள். உள்ளுக்கு எதுவும் கொடுக்க மாட்டாள். யாராவது கேட்டால் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிடுவாள். பூசுகிறது, தேய்க்கிறது, அதோடு அவள் எல்லை முடிந்தது. அந்த எல்லையை அவள் ஒருநாளும் தாண்டாததால்தான் அவளிடம் நான் கற்றதை இன்றைக்கும் துணிந்து செய்து விற்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் அவள் சொன்னது பாதி சாமி, பாதி நிஜம். அப்பன்திருப்பதியிலிருந்து இந்தப் பக்கம் பல ஊர்களில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர்தான். அதில் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகி முடியிலும் தோலிலும் படியும். உசிலை மரத்து இலையை அரைத்த அரப்புக்கோ, பூந்திக்கொட்டைக்கோ, சீயக்காய்க்கோ அந்தத் தொல்லை இல்லை. அவற்றில் நுரை தருவது சப்போனின் என்கிற வேறு சரக்கு. அது உப்புத் தண்ணீரில் பிசுக்காகத் திரியாது. இந்தக் கணக்கெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம், நல்லெண்ணெய் தேய்த்த தலைக்கு அரப்பு போட்டால் எந்தக் கிணற்றுத் தண்ணீரிலும் எண்ணெய் போகும் என்பது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிக்குப் பேர் கொடுத்த மரம் அது, எங்கள் பொட்டலிலும் நிறைய நின்றது. இலையை நிழலில் உலர்த்தி உரலில் இடிக்கும்போது தூள் மூக்கில் ஏறித் தும்மல் பிடுங்கும். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இடிப்பாள். என்னைக் கிட்டத்தில் விடமாட்டாள். ஆனாலும் தெருமுனை வரைக்கும் தும்முவோம்.

குளியல் பொடிதான் பெரிய வேலை. நலங்கு மாவு என்று சித்த மருத்துவத்தில் சொல்கிறார்களே, ஏறக்குறைய அதுதான். பாசிப்பயறு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், கார்போகரிசி, சந்தனம் என்பது அதன் அடிப்படை. அப்பத்தா சந்தனத்தை விட்டுவிட்டு (விலை கட்டுமா?) ஆவாரம்பூவும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்ப்பாள். வாசத்துக்கு மரிக்கொழுந்தும் மகிழம்பூவும். மதுரைக்காரி மல்லிகை சேர்க்காமல் பொடி செய்வதா என்று மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து வந்த ஒரு பூக்காரம்மா சண்டைக்கே வந்தார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் என்னிடமும் பலர் அதையே கேட்டார்கள். மல்லிகை காய்ந்தால் வாசம் செத்துப்போகும். அதன் மணம் பூ விரிகிற அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் உள்ள மணம். மகிழம்பூ அப்படியல்ல, சருகானாலும் மணக்கும். பொடிக்கு வேண்டியது சருகாகியும் மணக்கிற பூ. உள்ளூர்ப் பெருமைக்காக வாசமில்லாத மல்லிகைத் தூளைப் போட்டு விற்பது ஏமாற்று.

சரக்கில் பாதி காசு கொடுத்து வாங்கியது இல்லை. கோரைக்கிழங்கு வயலில் களையெடுக்கிறவர்கள் வரப்பில் வீசியது. உலகத்திலேயே மோசமான களை என்று வேளாண் விஞ்ஞானிகள் பட்டம் கட்டிய பூண்டு அது. சம்சாரி அதைச் சபிப்பார், அப்பத்தா பின்னாலேயே போய்ப் பொறுக்குவாள். "ஏத்தா, அம்புட்டையும் பொறுக்கிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று வயல்காரர்களே கூப்பிடுவார்கள். கழுவிக் காயவைத்து, மேலே இருக்கிற கருந்தோலை உரசி எடுத்து, இடித்தால் உள்ளே மண்ணும் கற்பூரமும் கலந்த ஒரு வாசம். ஆவாரம்பூ கண்மாய்க் கரையில். அதை வெயிலில் காயப்போட்டால் தங்க நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டி விரித்துக் காயவைக்க வேண்டும். ஆவாரம்பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தியவர்கள் நம் ஊர் ஆட்கள். அந்தப் பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்துதான் மாட்டுத் தோலை இறுக்கிப் பதப்படுத்துகிறது. உயிருள்ள தோலில் அதே துவர்ப்பு மெல்லிசாகப் பட்டால் எண்ணெய் வழிகிற முகம் கொஞ்ச நேரம் இறுகி நிற்கும். ஆவாரம்பூ பூசினால் முகம் 'டைட்டாக' இருக்கிறது என்று இப்போது பெண்கள் சொல்வது இதைத்தான்.

வேர், கிழங்கு, கார்போகரிசிக்கு மட்டும் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போவோம். கஸ்தூரி மஞ்சள் வாங்குவதில் அப்பத்தா போடும் சண்டையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கடைக்காரர் பளீரென்ற மஞ்சள் கிழங்கை எடுத்துப் போடுவார். அப்பத்தா ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து பார்ப்பாள். அரைக் கேலியாக, "இதக் கொண்டுபோய்க் கொழம்புக்குப் போடுங்கண்ணாச்சி" என்பாள். அசல் கஸ்தூரி மஞ்சளை ஒடித்தால் உள்ளே வெளிறிப்போய்ச் சந்தன நிறத்தில் இருக்கும். கற்பூர வாசம் அடிக்கும், கையில் கறை ஒட்டாது. மஞ்சளாக இல்லை என்பதே அதன் அடையாளம். ஆனால் வாங்குகிற ஜனங்களுக்கு மஞ்சள் என்றால் மஞ்சளாக இருக்கவேண்டும். அதனால் பெரும்பாலான கடைகளில் வேறு காட்டுக் கிழங்கைத்தான் அந்தப் பேரில் விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பதைத்தானே கொடுக்கிறார்.

கார்போகரிசியை அவள் கையாளுகிற விதம் வேறு. கறுத்த சின்ன விதை. இரண்டு விரலால் கிள்ளிப் போடுவதற்கு மேல் சேர்க்கமாட்டாள். பிள்ளைகளுக்கான பொடியில் அறவே கிடையாது. "இதத் தேய்ச்சா நல்லாக் கழுவிட்டுத்தேன் வெயில்ல போகணும். இல்லாட்டிக் கொப்பளிச்சுப் போகும்." எங்கிருந்து அவளுக்கு இது வந்தது என்று கேட்டால், "எங்காத்தா சொன்னது" என்பாள். பிற்பாடு படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்த விதையில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது பட்ட இடத்தில் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பலமடங்கு வேலை செய்யும். அதை அளவோடு கொடுத்து, கதிரையும் அளவோடு காட்டித்தான் தோல் மருத்துவர்கள் வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்கிறார்கள். அளவு தவறினால் கொப்புளம். இயற்கைப் பொருள், பக்கவிளைவே இல்லை என்று விளம்பரத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சின்னக் கறுப்பு விதை நினைவுக்கு வரும். அப்பத்தா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. காட்டில் முளைத்தது என்பதால் அவளுக்கு எந்தச் செடி மீதும் கூடுதல் நம்பிக்கை கிடையாது. எருக்கம்பாலும் காட்டில் முளைத்ததுதானே?

அரைப்பதற்கு ரைஸ் மில். அங்கே ஒரு ராஜதந்திரம் வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு நம் சரக்கைப் போட்டால் வாங்குகிறவர் கதி என்ன ஆவது? அதனால் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்போம். அப்படியும் மில்காரரை நம்பாமல், இரண்டு படி நொய்யை முதலில் ஓடவிட்டு மிஷினைக் கழுவச் சொல்வாள். அந்த நொய் மாவு மாட்டுக்கு. அரைத்து வந்ததைச் சூடு ஆற விரித்து, பிறகு சலிப்பு. சல்லடையோடு நிற்காமல் நைந்த வேட்டித் துணியை ஒரு வாய் அகன்ற சட்டியில் கட்டி அதன்மேல் பொடியைப் போட்டு உள்ளங்கையால் தேய்ப்பாள். சித்த மருத்துவர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். துணிக்குக் கீழே இறங்குவது முகத்துக்கு. மேலே தங்குகிற கப்பி குதிகாலுக்கும் முழங்கைக்கும். இந்தத் தேய்ப்பில்தான் பாதி நாள் போகும். பொடி செய்வது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சரக்கின் பட்டியலைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். துணியில் தேய்க்கிற பகுதிக்கு வந்தால் பேனாவை மூடிவிடுவார்கள்.

இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் மலைக்கென்று ஒரு சொத்து இருந்தது என்றால் அது வெட்பாலை.

மலைச்சரிவிலும் அடிவாரத்துப் பொட்டலிலும் வளர்கிற சின்ன மரம். வெள்ளைப் பூ, பார்த்தால் மல்லிகைச் சாயல். காய் இரண்டிரண்டாக நீளமாகத் தொங்கும், அந்த இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். கோடை மழைக்குப் பிறகு புதிதாகத் தழைக்கிற இலைதான் எண்ணெய்க்கு. பனி ஈரம் போய் வெயில் ஏறின பிறகு பறிக்க வேண்டும். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். இரும்பு படக்கூடாது, கத்தி அரிவாள் ஆகாது, கையாலேயே கிழித்துப் போடவேண்டும் என்பது அவள் கட்டளை. வாய் அகன்ற ஹார்லிக்ஸ் பாட்டிலில் செக்குத் தேங்காயெண்ணெய். இலை முங்குகிற அளவுக்கு ஊற்றி, வாயில் மூடி போடாமல் துணி கட்டி, மொட்டை வெயிலில் மச்சுப்படியில் வைப்பாள். அடுப்பே மூட்டுவதில்லை. இலையில் இருக்கிற ஈரம் ஆவியாகித் துணி வழியாகப் போகும், அதற்குத்தான் மூடி இல்லை.

முதல் நாள் எண்ணெய் பச்சையாகத்தான் இருக்கும். மறுநாள் கிழித்த இலையின் ஓரங்கள் மட்டும் கறுக்கும். அந்தக் கறுப்பிலிருந்து நூல் நூலாக ஒரு நிறம் எண்ணெய்க்குள் இறங்கும். மூன்றாம் நாள் நாலாம் நாளில் பாட்டிலைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறமாகிவிட்டிருக்கும். நிழலில் வைத்தால் மைக்கறுப்பு, வெளிச்சத்தில் செவ்வூதா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் மச்சுக்கு ஓடுவது இதைப் பார்க்கத்தான். பச்சை இலைக்குள் ஊதா எங்கே ஒளிந்திருந்தது? ஏழு வெயில் கண்ட பிறகு துணியில் பிழிந்து வடிகட்டுவாள். சக்கையை வீசினால் திண்ணையில் கறை பிடித்துக்கொள்ளும் என்று குழி தோண்டிப் புதைப்போம்.

ஊதா வராவிட்டால் அந்தப் பாட்டிலை அவள் யாருக்கும் கொடுக்க மாட்டாள். குடசப்பாலை என்று இன்னொரு மரம் உண்டு. இலையும் பாலும் வெள்ளைப் பூவும் ஒத்துப்போவதால் தெரியாதவர்கள் மாற்றிப் பறித்துவிடுவார்கள். அந்த இலை எத்தனை வெயில் பட்டாலும் எண்ணெயை ஊதாவாக்காது. ஆகவே நிறமே பரீட்சை.

அந்த ஊதா எங்கிருந்து வருகிறது என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். நீலியை அவுரி என்று நம் பக்கத்தில் சொல்வோம், துணிக்குச் சாயமேற்றுகிற செடி. அந்த அவுரிச் சாயத்தின் கரு வெட்பாலை இலையிலும் உண்டு. இலை கிழிந்து காற்றுப் பட்டதும் அது சாயமாக மாறுகிறது. நீல நிறத்தோடு கூடவே இண்டிரூபின் என்ற சிவப்புச் சாயமும் கொஞ்சம் பிறக்கிறது. எண்ணெய்க்கு அந்த ஊதா வருவது இரண்டும் சேர்வதால்தான். சீன வைத்தியத்தில் இதே நீலச் சாயத்தை வேறு செடிகளிலிருந்து எடுத்துச் செதில் உதிர்கிற படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, பூசுகிறார்கள். தைவானில் அதைக் களிம்பாக்கி நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் சென்னைச் சித்த மருத்துவர் ஜே.ஆர். கிருஷ்ணமூர்த்தி வெட்பாலையையும் தேங்காயெண்ணெயையும் வைத்து உண்டாக்கிய '777 எண்ணெய்' அதே படைக்குத் தமிழ்நாடெங்கும் பேர் வாங்கியது. சீனாவின் செடி வேறு, எங்கள் மலையின் மரம் வேறு, சாயம் ஒன்று, நோயும் ஒன்று. ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு ஊர் வைத்தியர்கள் ஒரே சாயத்தில் வந்து நின்றிருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். அதற்காக, குணமாகிவிடும் என்று நான் பாட்டிலில் எழுதுவதில்லை. அப்பத்தாவும் "செதில் அடங்கும், அரிப்புக் கொறையும். மழைக்காலம் வந்தா மறுபடியும் வரும், அப்ப வா" என்றுதான் கொடுத்தாள்.

மலைக்குள் போய்ப் பறித்தோமா என்று கேட்பவர்கள் உண்டு. அழகர்மலை காப்புக்காடு, உள்ளே நுழைந்து பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. எங்களுக்குக் கண்மாய்க் கரையும் வேலியும் பொட்டலும் போதுமானதாக இருந்தன. 1993-க்குப் பிறகு பெங்களூரில் உள்ள எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற அமைப்பும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடக வனத்துறைகளும் சேர்ந்து, மூலிகைகளை அவை முளைத்த காட்டிலேயே வைத்துக் காப்பதற்கென்று சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்தன. தமிழ்நாட்டில் தேர்ந்தவற்றில் அழகர்கோவிலும் ஒன்று. அப்பத்தா அந்தச் செய்தியைக் கேட்டு, காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனை நினைத்து, "இம்புட்டு நாளாக் கருப்பன் காத்தான், இனிமே கவர்மெண்டும் காக்கட்டும்" என்றாள். அதே சமயம் காட்டோரத்தில் மூலிகை பொறுக்குகிற பெண்களின் பாடு வேறாக இருந்தது. காய்ந்த சரக்கைச் சாக்கில் கட்டி வியாபாரியிடம் போட்டால் அவர் சொன்னதே எடை, அவர் வைத்ததே விலை. 2000-இல் மதுரையில் கிராம மூலிகை நிறுவனம் தொடங்கியபோது, மூலிகை சேகரிக்கிற பெண்களையே அதன் பங்குதாரர்களாக்கினார்கள். சரக்கு தரம் பார்த்து நேராகப் பெரிய மருந்துக் கம்பெனிகளுக்குப் போனது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் முதன்முதலாகத் தராசு முள்ளை எட்டிப் பார்க்கப் பழகியது அந்தக் காலத்தில்தான்.

மலைக்கும் மதுரைக் கடைத்தெருவுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் புதிதில்லை. கிடாரிப்பட்டிப் பக்கம் அழகர்மலைக் குகையில் ஈராயிரம் வருஷத்துத் தமிழி எழுத்துகள் இருக்கின்றன. சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த வணிகர்களின் பேர்கள் அவை: உப்பு வணிகன், அறுவை (துணி) வணிகன், பாணித (வெல்லப்பாகு) வணிகன், மதுரைப் பொற்கொல்லன். மூலிகை பொறுக்குகிறவள் பேரைக் கல்லில் யார் வெட்டப் போகிறார்கள்!

எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகு சோப்புப் போடக் கற்றுக்கொண்டேன். அப்பத்தாவுக்கு அதில் துளியும் மரியாதை இல்லை. "காரத்தையும் எண்ணெயையும் கலக்கிக் கட்டியாக்கி அதுக்கு மூலிகைப் பேரு" என்று ஒதுக்கிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. எந்த மூலிகைச் சோப்பிலும் வேலை செய்வது முக்கால்வாசி காஸ்டிக் சோடாவும் எண்ணெயும்தான். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா. கொஞ்சம் குறைத்துப் போட்டால் எண்ணெய் மீந்து தோல் வறளாமல் இருக்கும். சோடாவைத் தண்ணீரில் போடவேண்டும். மாற்றிச் சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஊற்றி வெட்டிய கட்டியை ஒன்றரை மாதம் காற்றாட அடுக்கி வைக்கவேண்டும். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன் 1969-இல் மெடிமிக்ஸைத் தொடங்கியதும் இப்படிக் கையால் ஊற்றி வெட்டித்தான்.

சோப்புக் கலவையில் மஞ்சள் தூளைப் போட்ட அன்று அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் விழுந்த இடம் ரத்தச் சிவப்பாகத் திரிந்தது. நான் பதறவில்லை, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்பத்தா எட்டிப் பார்த்து, "குங்குமமால்ல கிண்டுற" என்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமம் என்பது அவளுக்கு அத்துப்படி. காரம் என்றால் என்ன என்று எனக்கு வாத்தியார் ஒரு மணி நேரம் நடத்திய பாடம் அது. சோப்பு ஆறி உலர்ந்ததும் செங்கல் பொடி நிறத்துக்கு வந்து நின்றது. மஞ்சளே தெரியாத மஞ்சள் சோப்பை யார் வாங்குவார்கள் என்று எங்கள் மகளிர் குழுவில் ஒரு மதினி கேட்டாள். கடைகளில் எலுமிச்சை மஞ்சளில் பளபளக்கிற சோப்புகளுக்கு அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

இப்போது எங்கள் மகளிர் குழு, உற்பத்தி உரிமம் உள்ள ஒரு கூடத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது. வீட்டு அடுப்படியில் செய்து ஊரெல்லாம் விற்க முடியாது. 1940-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020-இல் வந்த புது விதிகளும் உரிமம் கேட்கின்றன. சின்ன ஆட்களுக்கு இது பாரம் என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவர் மேனியில் பூசுகிற சரக்குக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

கணக்குக் கேட்காமல் வாங்குகிற பொருள் ஒன்று உண்டு, வெளுக்கிற கிரீம். பொடி விற்கிற எனக்கு வருகிற கேள்விகளில் பத்துக்கு ஏழு ஒரே கேள்விதான். நேராகக் கேட்பவர்கள் "வெளுக்குமா?" என்பார்கள். நாசூக்கு உள்ளவர்கள் "கலர் வருமா?", "பளிச்சுன்னு ஆகுமா?" என்பார்கள். கல்யாணம் நிச்சயமான வீடென்றால் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே கேட்பார்கள். அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்பத்தா காலத்திலும் இந்தக் கேள்வி இருந்தது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்குள்ளும் அப்போதே சின்னப் பாக்கெட்டில் நுழைந்திருந்தது. 2020-இல் பேரிலிருந்து அந்த 'ஃபேர்' என்ற சொல்லை மட்டும் எடுத்தார்கள். ஜனங்கள் மனசிலிருந்து எடுக்க எந்தக் கம்பெனியாலும் ஆகாது. பேர் தெரியாத வெளிநாட்டுக் கிரீம்களின் கதை இன்னும் மோசம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளுக்கிற கிரீம் பூசிய பலருக்குச் சிறுநீரகம் கெட்டு, அந்தக் கிரீம்களில் பாதரசம் இருப்பது வெளியே வந்தது. தோலில் கருமை ஊறுவதைப் பாதரசம் தடுக்கும், வெளுப்பு நிஜமாகவே தெரியும். கேடும் அதில்தான்.

அப்பத்தாவிடம் வெளுக்கக் கேட்டவர்களுக்கு ஒரே பதில். "அழுக்குப் போகும், நிறம் போகாது. நிறம் போகணும்னா நீ தோலத்தேன் உரிக்கணும்." ஒரு தடவை மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா விடவில்லை. சந்தனம் பூசினால் வெளுக்கும் என்கிறார்களே, பதினெட்டாம்படிக் கருப்பனுக்கே ஆடிப் பௌர்ணமிக்குக் கதவு முழுக்கச் சந்தனம் சாத்துகிறார்களே என்று எதிர்க்கேள்வி போட்டார். பதினெட்டாம்படியில் சிலை கிடையாது. மூடிய பெரிய கதவுதான் சாமி. வழக்கு வம்பு என்றால் அந்தப் படியில் நின்று சத்தியம் கேட்பார்கள், பொய் சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது. அப்பேர்ப்பட்ட சாமியை இழுத்ததும் அப்பத்தாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"ஏத்தா, கருப்பனுக்குச் சந்தனம் சாத்துறது அவன வெளுக்கிறதுக்கா? அவன் சூடு தணியத்தேன். கருப்பனக் கும்புட்டுட்டு வந்து எங்கிட்ட வெள்ளத்தோலு கேக்குற? போயி அவன் படியிலயே கேளு."

அந்த அம்மா பொடியும் வாங்காமல் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் மகளை அனுப்பி அரப்பு வாங்கினார்.

போன வருஷம் பொடிக்குப் புது லேபிள் அடிக்க மதுரையில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். விதிப்படி சேர்மானம், எடை, தயாரித்த தேதி, தொகுதி எண், உரிம எண் எல்லாம் போட வேண்டும். கார்போகரிசி சேர்ந்த பொடியில், கழுவிய பிறகே வெயிலில் போகவும் என்ற வரியும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி வரிசையாக டிசைன்களைத் திறந்து காட்டினார். எல்லாவற்றிலும் ஒரு பெண். எல்லாப் பெண்களும் வெள்ளை. ஒருத்தி கன்னத்தில் வேப்பிலை, ஒருத்தி தோளில் ரோஜா.

"முகம் வேண்டாம் தம்பி. வெறும் எழுத்து போதும்."

"முகம் இல்லாட்டி யாருக்கா எடுப்பா? சீயக்காய்ப் பாக்கெட்டு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"சரி, நம்ம ஊர்ப் பிள்ளை முகமாப் போடுவோமா?" என்று அவராகவே இறங்கி வந்து, ஒரு மணி நேரம் தேடினார். மாநிறத்தில் சிரிக்கிற பெண் படமாகக் கிடைத்ததெல்லாம் வங்கிக் கடன் விளம்பரத்துக்கு எடுத்தவை, கையில் பாஸ்புக்கோ டிராக்டர் சாவியோ இருந்தது. கடைசியில் எழுத்து மட்டும் என்று முடிவானது. மறுநாள் புரூஃப் வாங்கப் போனால், வெறுமையாக இருக்கிறதே என்று மூலையில் ஒரு செம்பருத்திப் பூவை அவர் இஷ்டத்துக்கு வைத்திருந்தார். இந்தப் பொடியில் செம்பருத்தியே கிடையாது என்றேன். எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரட்டைக் காயோடு ஒரு வெட்பாலைக் கிளை வரையச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதுவும் இந்தப் பொடியில் கிடையாது. ஆவாரம்பூ இருக்கிறதா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் தேடி எடுத்ததில் வந்தது கொன்றைப் பூ. கடைசியில் கண்மாய்க் கரைக்குப் போய் என் போனிலேயே ஒரு கொத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அதை வெட்டி ஒட்டியதற்குத் தனியாக இருநூறு ரூபாய் பில் போட்டார் தம்பி.